கேட்டால் அமுக்கவும்

கேட்டால் அமுக்க வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெண் கதவைச் சாத்தினாள். சாத்தியதும் ஆஸ்பத்திரியின் இரைச்சல் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. உடுப்பு அலுமாரிக்குள் ஏறி உட்கார்ந்த மாதிரி ஒரு அறை, ஒரு கதிரை, இரண்டு காதையும் இறுக்கிப் பிடிக்கிற கருவி, கையில் ஒரு வயர், வயரின் நுனியில் ஒரு பொத்தான். எதிரே கண்ணாடி யன்னல். அதற்கப்பால் அந்தப் பெண் தலையைக் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தாள். சட்டையில் கோமதி என்று பெயர் குத்தியிருந்தது. ஊர் திருச்சிப் பக்கமாம். படிவத்தில் ஜெசிந்தா சூசைதாசன், வயது எழுபத்து நான்கு, தொழில் நடிகை, இயக்குநர் என்று வாசித்துவிட்டு, நடிகையா, எந்தப் படம் மேடம் என்று ஆவலாகக் கேட்டாள். படம் இல்லை பிள்ளை, மேடை, எல்லாம் லண்டனில்தான், இங்கிலீசில்தான் என்று சொன்னதும் அந்த முகத்தில் வந்த ஏமாற்றத்தை ஜெசிந்தா ஐம்பது வருசமாகப் பார்த்துவருகிறாள். சரி, வந்துவிட்டது, ஊம் என்று குளிர்பெட்டி முனகுவதைப் போல ஒரு சத்தம், அமுக்கினாள். அடுத்தது, அமுக்கினாள். பார்த்தாயா, ஒன்றும் இல்லை, எல்லாம் கேட்கிறது, அந்த டெஸ்மண்டுக்குத்தான் வேறு வேலை இல்லை.

டெஸ்மண்ட் மண்டபத்தைப் பூட்டித் திறக்கிற ஆள். ஈஸ்ட்ஹாமில் அந்தப் பழைய தேவாலய மண்டபத்தில் இருபத்தேழு வருசமாகச் சனிக்கிழமைகளில் ஜெசிந்தா பிள்ளைகளை மேடைக்குப் பழக்குகிறாள், டெஸ்மண்ட் இருபத்தாறு வருசமாக நேரமாகிவிட்டது, பூட்டப் போகிறேன் என்கிறான். மற்றபடி நல்லவன். அவன்தான் போன மாதம் வந்து, ஜெஸி, உன் காதைக் கொண்டுபோய்க் காட்டு என்று முகத்துக்கு நேரே சொன்னவன். அவன் வாயை அடைக்கத்தான் இந்த வியாழக்கிழமைப் பின்னேரத்தைப் பாழாக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். நாளை மறுநாள் நாடகம். உடுப்பு வேலை முடியவில்லை, இரண்டாம் காட்சி இழுக்கிறது, கால் வேறு கடுக்கிறது. இரவில் படுத்தால் நித்திரை இல்லை, இருந்தால் எழும்ப மனமில்லை, ஒவ்வொரு நாடகத்துக்கும் இதுதான் கடைசி என்று நினைப்பதும் முடிந்த மறுவாரமே அடுத்ததற்குப் பிள்ளைகளைக் கூப்பிடுவதுமாக எத்தனை வருசம் ஓடிவிட்டது. ஊம் இல்லை, இப்போது கொஞ்சம் மேலே ஏறிய சத்தம், கூ என்று, அமுக்கினாள். அமுக்கினாள்தானே. அது கேட்டதா, கேட்ட மாதிரி இருந்ததா.

கையில் பொத்தானைக் கொடுத்துவிட்டு, கேட்டால் அமுக்கு என்கிறார்கள். ஜெசிந்தாவின் கை அப்படிப் பழகிய கை இல்லை. கேட்காவிட்டால் தூக்குகிற கை. மண்டபத்தில் அதுதான் சட்டம். ஒத்திகை தொடங்கினால் அவள் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். கண்ணை மூடாவிட்டால் நடிப்பு காதை ஏமாற்றிவிடும். வசனம் எட்டாவிட்டால் வலது கை மேலே போகும். கை போனால் மேடையில் நிற்பது ஆராய் இருந்தாலும் நிறுத்தி, அந்த வசனத்தை முதலிலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது, சொன்னேனே என்று சொல்லக் கூடாது. கை இறங்கும்வரை சொல்ல வேண்டும். கடைசி வரிசைச் சனமும் ரிக்கற் எடுத்துத்தான் வந்திருக்கு என்று அவள் சொல்வது பிள்ளைகளுக்கெல்லாம் பாடம், முதுகுக்குப் பின்னால் அதைச் சொல்லி நையாண்டி பண்ணுவார்களாம், பண்ணட்டும். அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் எத்தனை பிள்ளைகள் பெரிய மேடைக்குப் போனார்கள். அருளானந்தத்தின் மகன், அந்த உயர்ந்த சோமாலிப் பொடியன், பிறகு கிறிஸ், பிறகு ரெட்டையரில் மூத்தவன். நால்வரும் இன்றைக்கும் நத்தார் பெருநாளுக்கு வாழ்த்துக் காட் அனுப்புகிறார்கள். நாலும் பொடியன்கள். அது இப்போதுதான் மனதில் தட்டுப்பட்டது. தட்டுப்பட்டதை அப்படியே அப்பால் தள்ளிவிட்டு அமுக்கினாள்.

அந்தச் சட்டம் அவள் கண்டுபிடித்ததும் இல்லை. நடிப்புப் பள்ளியில் மிஸ் ஹார்கிரீவ்ஸ் என்று ஒரு கிழவி இருந்தாள், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, மாம்பழ அளவு கொண்டை. பால்கனியின் உச்சியில் போய் உட்கார்ந்து கையைத் தூக்குவாள். முதல் வருசம் முழுக்க ஜெசிந்தாவுக்கு அந்தக் கை இறங்கவே இல்லை. பத்தொன்பது வயது, கூட்டத்தில் அவள் ஒருத்திதான் கறுப்பு, கை தூக்கியே இருக்கும், அவள் கத்திக்கொண்டே இருப்பாள், விடுதிக்குப் போய் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுதுவிட்டுத் திரும்பவும் கத்தப் பழகுவாள். வருசக் கடைசியில் ஒருநாள் கை இறங்கியது. அந்தச் சந்தோசத்தை அவளுக்குக் கலியாணமும் தரவில்லை, பிள்ளையும் தரவில்லை, உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம். பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் கூப்பிட்டு, இவ்வளவு சத்தம் வேண்டாம் அம்மணி, மைக் இருக்கிறது என்று சொல்லி, மூன்று வசனம் உள்ள தாதி வேடத்தைத் தந்தார்கள். முப்பது தாதி போட்டிருப்பாள். அமுக்கு. மிஸ் ஹார்கிரீவ்ஸுக்கு அப்போது என்ன வயது. எழுபது இருக்கும். எழுபதுக்கு மேலும் இருக்கும். யாராவது பின்னால் வந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், திமிர் என்று எல்லாரும் சொன்னார்கள். கடவுளே, அந்தக் கிழவிக்கும் காது மந்தமோ. ஒரு வருசம் முழுக்க நான் அழுதது அந்தக் கிழவியின் செவிட்டுக் காதுக்கோ. சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

சத்தமே வரவில்லையே. நெடுநேரமாக வரவில்லையே. கண்ணாடிக்கப்பால் கோமதியின் கை அசைந்துகொண்டுதான் இருந்தது. ஆக, சத்தம் போய்க்கொண்டிருக்கிறது, இங்கேதான் வந்து சேரவில்லை. ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஐம்பது வருசம் மேடையில் நின்றவளுக்கு அடுத்தவர் வசனம் எப்போது முடியும், தன் வசனம் எப்போது விழ வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருமுறை எதிரே நின்றவன் வசனத்தை மறந்து மீனைப் போல வாயைத் திறந்து மூடியபோதும் இவள் சரியான இடத்தில் பதில் சொல்லி, சனத்துக்கு ஒன்றும் தெரியாமல் காட்சியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள். கோமதியின் முழங்கை லேசாக உள்ளே போகிறது, பிறகு நாலு எண்ணிக்கை, பிறகு திரும்பவும். இதைப் பிடிக்க முடியாதா. முழங்கை போனது, அமுக்கினாள். ஒன்று இரண்டு மூன்று நாலு, அமுக்கினாள். அச்சொட்டாக விழுந்தது என்று அவளுக்கே ஒரு பெருமை. ஆறோ ஏழோ தரம் அப்படிப் போனது. பிறகு கோமதி நிமிர்ந்து பார்த்தாள், கருவிக்குள் அவள் குரல் வந்தது.

"அம்மா, சத்தம் வராதப்பவும் அமுக்குறீங்க. நான் சத்தத்தை நிறுத்திட்டு எழுதிக்கிட்டு இருந்தேன்."

கன்னம் சுட்டது. பேத்தி வயதுப் பெண்ணிடம் கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. கோமதி கோபிக்கவில்லை, வயசானவங்க எல்லாரும் செய்யறதுதான், பதறாம, கண்ணை வேணா மூடிக்கோங்க என்றாள். கண்ணை மூடிக்கோங்க. அதை யாரிடம் சொல்கிறாய் பெண்ணே. மூடினாள். மூடியதும் கடைசி வரிசை வந்துவிட்டது, கதவிடுக்குக் காற்று காலில் பட்டது, மேடையில் ஆரபி நின்றாள்.

ஆரபி. அந்தப் பெயரை நினைக்காமல் இருக்கத்தானே மனம் இவ்வளவு நேரமும் டெஸ்மண்டையும் ஹார்கிரீவ்ஸையும் இழுத்துவைத்துக் கதை பேசியது. பதினெட்டு வயதுப் பிள்ளை, ஒல்லி, ஒன்பது வயதில் வந்து சேர்ந்தது, ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. இந்த நாடகத்தில் மொழிபெயர்க்கிற பெண்ணின் வேடம் அவளுக்கு. அதிகாரிக்கும் அகதியாய் வந்து நிற்கிற தன் சித்தப்பாவுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச வேண்டும், கடைசியில் சித்தப்பா சொல்லாத ஒன்றைத் தானாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாடகமே அந்த இடம்தான். ஆரபியின் முகத்தில் அது வந்தது, கையில் வந்தது. கண்ணை மூடினால் வரவில்லை. மேலே போன கை இறங்கவில்லை. ஏழு சனிக்கிழமை இறங்கவில்லை. போன மாதம் வேடத்தை எடுத்து ரொசானியிடம் கொடுத்தாள். ரொசானி வாயைத் திறந்தால் பக்கத்துத் தெரு நாய் குரைக்கும், நடிப்பு அரைவாசிதான், என்றாலும் எட்டுகிறது. ஆரபிக்குத் திரைக்குப் பின்னால் கொப்பியோடு இருந்து, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கிற வேலை. குரல் எட்டாத பிள்ளைக்கு அதுதான் பொருத்தம் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னாளே. அப்படிச் சொல்லியிருக்கத் தேவையில்லை. சொல்லிவிட்டாள்.

அதற்கடுத்த சனிக்கிழமைதான் டெஸ்மண்ட் வந்தது. கதவடியில் இவள் பக்கத்தில் துடைப்பத்தோடு நின்றவன், ஜெஸி, உள்ளே இருந்து வசனம் சொல்லிக்கொடுக்கிற பிள்ளையைக் கொஞ்சம் மெல்லப் பேசச் சொல்லு, அவள் குசுகுசுக்கிறது இங்கே வரைக்கும் வருகிறது என்றான். ஜெசிந்தா சிரித்தாள். நல்ல பகிடி என்றாள். பிறகு உள்ளே போய் ஆரபியிடம், உம்மை மெல்லக் கதைக்கட்டாம் என்றும் சொன்னாள். பகிடியாகத்தான். ஆரபி சிரிக்கவில்லை. டெஸ்மண்டும் சிரிக்கவில்லை, அவன் அப்போதுதான் இவள் முகத்தை ஒரு மாதிரி உற்றுப்பார்த்தான், அடுத்த கிழமைதான் காதைக் காட்டு என்றான். இதையெல்லாம் ஒரு மாதமாகத் தனித்தனியாக வைத்திருந்தாள். ஒன்றோடொன்றைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது என்பதில் மனதுக்குத்தான் என்ன கெட்டித்தனம். மெல்லிய ஊசிச் சத்தம் ஒன்று, வந்ததா, இல்லை, அது தன் மூக்கில் காற்றுப் போகிற சத்தம். அமுக்கவில்லை. இனிப் பொய்க்கு அமுக்கப் போவதில்லை. சுதர்சினி, கொன்ஸி, அந்தக் குட்டையான வங்காளிப் பிள்ளை நஸ்ரின், மூக்குத்தி போட்ட மற்றப் பிள்ளை பெயர் வரவில்லை. எல்லாரையும் குரல் எட்டாது என்று கூட்டத்தில் நிற்கிற வேடத்துக்குத் தள்ளினாள். சுதர்சினி அதற்குப் பிறகு வரவேயில்லை, தாய் ரெலிபோன் எடுத்து, பிள்ளைக்குப் படிப்புக் கூடிப்போச்சு ரீச்சர் என்று மழுப்பினாள். இந்தக் காலத்துப் பெண்பிள்ளைகளுக்கு நெஞ்சிலிருந்து கதைக்கத் தெரியாது, போனைத் தட்டித் தட்டிக் குரல் போய்விட்டது என்று ஒரு வானொலிப் பேட்டியில் வேறு சொல்லித் தொலைத்தாளே.

அந்தச் சனிக்கிழமை. எத்தனை தரம் சுற்றினாலும் அங்கேதான் வந்து கால் இடறுகிறது. வேடத்தை எடுத்த நாள். அன்றைக்குக் கை மேலே போனது, ஆரபி திருப்பிச் சொன்னாள், கை இறங்கவில்லை, திருப்பிச் சொன்னாள், ஐந்து தரம், ஆறு தரம். பிறகு ஒரு அமைதி. ஜெசிந்தா கண்ணைத் திறந்தாள். மேடையில் ஆரபி நேரே இவளைப் பார்த்து ஏதோ சொன்னாள். நாடக வசனம் இல்லை, வாயசைவு வேறு. என்ன சொல்கிறாள் என்று விளங்கவில்லை, கை மேலேயே நின்றது. ஆரபி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திருப்பிச் சொல்லவில்லை. இருபத்தேழு வருசத்தில் அந்தக் கைக்குத் திருப்பிச் சொல்லாத ஒரே பிள்ளை. விறுவிறென்று இறங்கிப் போய்விட்டாள். மற்றப் பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏதோ தகாத வார்த்தை சொல்லியிருக்கிறாள், அதுதான் எல்லாரும் தலையைக் குனிந்தார்கள் என்று ஜெசிந்தாவுக்குப் பட்டது, அந்த ஆத்திரத்தில்தான் வேடத்தை எடுத்தாள், பொய் சொல்வானேன், குரலுக்காக மட்டும் இல்லை. அப்படியிருந்தும் இன்றைக்குக் கூட வந்திருப்பது அவள்தான். அடிக்கடி கேட்டுப் பழகிய குரல் உள்ள ஒருவரைக் கூட்டிவரவும் என்று ஆஸ்பத்திரிக் கடிதத்தில் இருந்தது. கட்டின மனிசன் போய்ச் சேர்ந்து பதினொரு வருசம், மகன் ரொறன்ரோவில். மற்றவர்களுக்கெல்லாம் ஒத்திகை, தையல், சாமான் ஏற்றுகிற வேலை. வசனம் எடுத்துக் கொடுக்கிற பிள்ளைதான் சும்மா இருந்தாள், நான் வாறன் என்றாள். இப்போது வெளியே நடையில் உட்கார்ந்திருப்பாள்.

கதவு திறந்தது. இரைச்சல் திரும்ப வந்தது, முழுதாக இல்லை என்று முதல்முறையாகத் தெரிந்தது. கோமதி கருவியைக் கழற்றிவிட்டுக் கணினியைத் திருப்பிக் காட்டினாள். ஒரு கோடு இடது பக்கம் மட்டமாகப் போய், நடுவில் சறுக்கி, வலது பக்கம் படிக்கட்டு மாதிரி கீழே கீழே இறங்கியது. கனமான சத்தம், ஆம்பளைக் குரல் எல்லாம் நல்லா கேக்குதும்மா, மெல்லிசான குரல், பொண்ணுங்க, குழந்தைங்க, அதுலயும் ச, த, க மாதிரி எழுத்தெல்லாம்தான் விட்டுப்போகுது என்று விளக்கினாள். காதில் மெசின் வைத்தால் சரியாகிவிடும், பயப்பட ஒன்றும் இல்லை என்றாள்.

"எத்தனை வருசமா?" என்றாள் ஜெசிந்தா.

"சரியா சொல்ல முடியாதும்மா. ஒரு ஏழெட்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்கும். உங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

ஏழெட்டு வருசம். சுதர்சினி போனது ஆறு வருசத்துக்கு முன். ஜெசிந்தாவுக்கு எழும்பி வீட்டுக்குப் போய்க் கட்டிலில் விழ வேண்டும் போல இருந்தது. இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி என்றாள் கோமதி. லண்டனில் தமிழ் ஆட்களுக்கென்று சொல் பட்டியல் கிடையாதாம், அவளே இருபது சொல் எழுதி வைத்திருக்கிறாளாம். கூட வந்தவர் முதுகுக்குப் பின்னால் ஆறடி தள்ளி நின்று சாதாரணமாகச் சொல்ல வேண்டும், கேட்டது கேட்டபடி திருப்பிச் சொல்ல வேண்டும். இப்போது திருப்பிச் சொல்கிற முறை என்னுடையது என்று ஜெசிந்தா நினைத்தாள். ஆரபி உள்ளே வந்து தாளை வாங்கிக்கொண்டு பின்னால் போனாள். முதல் சொல் வந்தது. பழம், என்றாள் ஜெசிந்தா. மூன்றாவது வெறும் ஆ ஐ என்று வந்தது. நாலாவது காற்று. அப்போது அவளைக் கேளாமலே வலது கை மேலே போனது.

பின்னால் ஆரபி அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னாள். கை நின்றது. திரும்பவும் சொன்னாள். கோமதிக்கு ஒன்றும் புரியவில்லை, ஒரு தடவை சொன்னா போதும்மா, ஏன் திருப்பித் திருப்பிச் சொல்றீங்க என்று கேட்டாள். ரீச்சர் கை தூக்கினால் சொல்ல வேணும் என்று ஆரபி பதில் சொல்லியிருக்க வேண்டும். கோமதி தூக்கிய கையைப் பார்த்த பார்வையில் அது தெரிந்தது. ஜெசிந்தா கையை இறக்கினாள். பெரிய பாரத்தை இறக்குகிற மாதிரி தோள் வலித்தது. கதிரையைத் திருப்பிக்கொண்டு ஆரபியைப் பார்த்தாள்.

"அண்டைக்கு மேடையில நிண்டு என்னட்ட என்னவோ சொன்னனீர். என்ன பிள்ளை சொன்னனீர்?"

ஆரபி தாளை மடித்தாள், விரித்தாள். கண் நிறைந்துவிட்டது. "இதைத்தான் ரீச்சர் சொன்னனான். நீங்கள் கண்ணைத் திறக்க முதல் ஒருக்கா, திறந்தாப் பிறகு ஒருக்கா, ரெண்டு தரம் சொன்னனான். மற்றப் பிள்ளையளுக்கும் கேட்டது. நீங்கள் கையை இறக்கேல்லை."

யாரும் தகாத வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகள் தலையைக் குனிந்தது வெட்கத்தினால்தான், அந்த வெட்கம் இவளுக்காக. மண்டபம் முழுக்கத் தெரிந்த ஒன்று கடைசி வரிசைக்கு மட்டும் வந்து சேரவில்லை. ஜெசிந்தாவுக்கு அழுகை வரவில்லை, அவ்வளவு களைப்பு. சனிக்கிழமை நாடகத்துக்கு முன் ஒரு ஒத்திகைதான் இருக்கிறது, ரொசானியிடம் பேச வேண்டும், அவள் தாய் சண்டைக்கு வருவாள், வரட்டும், சுதர்சினியின் வீட்டு நம்பர் பழைய கொப்பியில் இருக்கும். அதெல்லாம் பிறகு. முதலில் எட்டாமல் போன வசனத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும், அதுதானே சட்டம்.

"திருப்பிச் சொல்லும்" என்றாள். "அண்டைக்குச் சொன்ன மாதிரியே."

ஆரபி கோமதியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பிறகு கால்களைச் சேர்த்து வைத்து, மேடையில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

"ரீச்சர், பிழை என்ர குரலில இல்லை. உங்கட காதில."

வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு எழுத்தும் தவறவில்லை. ஜெசிந்தா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, சோதனைக்கு உட்கார்ந்தவர் செய்ய வேண்டியதைச் செய்தாள்.

"பிழை உம்மட குரலில இல்லை" என்றாள். "என்ர காதில."

கோமதி பேனாவை எடுத்தவள் தாளையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பட்டியலில் அப்படி ஒரு சொல் இல்லை.

"இதையும் எழுதிக்கவாம்மா?" என்று கேட்டாள்.

"எழுதுங்கோ" என்றாள் ஜெசிந்தா.